மிதிக்கும்போது திணறுகிறது

ஜூன் 3, சனி

சேந்தமங்கலம் ரோட்டில் முட்டை லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு யாரோ முதுகில் குத்தியது போல ஒரே தாவாகத் தாவியது. லாரியைத் தாண்டி இடதுபக்கம் ஒதுங்கி நிறுத்தினேன். பின் சீட்டில் தடுப்பூசி ஐஸ் பெட்டி கவிழ்ந்து கிடந்தது.

போன மாதமே லேசாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். வெயில் இல்லை. இது குணசீலன் வேலை.

ஜனவரியில் விவாகரத்து முடிந்தபோது வீடு அவனுக்கு, கார் எனக்கு என்று ஆனது. கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி மருந்து விற்கும் கம்பெனியில் ரெப்பாக இருக்கிறேன். நாமக்கல்லைச் சுற்றி இருக்கிற பண்ணைகளுக்குப் பஸ்ஸில் போக முடியாது. வண்டி இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். சாவியைத் தருவதற்கு முன்னால் ஒரு வாரம் தன் பட்டறையில் வைத்திருந்தான். "ஃபுல் சர்வீஸ் பண்ணியிருக்கேன் மேகலா. கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தான். பன்னிரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டுதான் அவனோடு குடித்தனம் நடத்தினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிற சௌமியாவோடு அவன் சுற்றியது ஊரில் எனக்கு மட்டும்தான் கடைசியில் தெரிந்தது.

எந்த இடத்தில் கை வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பேன். அதை வைத்தே அவனை முடிப்பேன்.

ஜூன் 6, செவ்வாய்

ராசிபுரம் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். சீராகத்தான் ஓடியது. ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு சுற்று போய்விட்டு வந்து, "ஆமாங்க, மிதிக்கறப்ப திணறுது" என்றார். ப்ளக்குகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கருத்துப் போயிருந்தன.

"பெட்ரோல் எங்கங்க போடறீங்க?"

"மோகனூர் ரோட்டு பங்க்ல. எங்கண்ணன் பங்க்தான்."

அவர் ப்ளக்குகளைத் துணியில் சுற்றி வைத்தார். பெட்ரோல் பேச்சை அதோடு விட்டுவிட்டார். புதுசு போட்டுக் கொடுத்தார். குணசீலனைத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம என்னங்க, தொழில் பண்ற ஆளு" என்றார். அங்கேயே புரிந்துவிட்டது. இந்த ஊரில் எந்த மெக்கானிக்கும் அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான்.

ஜூன் 7, புதன்

புது ப்ளக். அதே திணறல்.

ஜூன் 10, சனி

அண்ணனிடம் சொன்னேன். செங்கோட்டுவேல் என்றால் இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. பொங்கல் முடிந்த கையோடு என்னைக் கூட்டிவந்து தன் வீட்டு மாடியில் வைத்தவன். வாடகை பேச்சே எடுக்க மாட்டான். பங்க்குக்குப் போனால் ஆளைக் கூப்பிட்டு, "அம்மிணி வண்டிக்கு ஊத்துடா" என்பான். வலதுபக்கத்துப் பம்ப்பில் ஊற்றுவார்கள். ஜனவரியிலிருந்து இன்றுவரை காசு வாங்கியதில்லை.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்ரோலைப் பற்றி ஏதோ சத்தம் போட்டார். "உன் வண்டியே காயலான் கடைக்குப் போக வேண்டியது, பெட்ரோல கொற சொல்றயா" என்று அண்ணன் அனுப்பிவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"யாரு கை வெச்சிருப்பான்னு உனக்குத் தெரியாதா அம்மிணி?"

"தெரியும்ண்ணா."

"அப்புறம் என்ன. ஆதாரம் மட்டும் கெடைக்கட்டும்."

என் பக்கம் பேச இந்த உலகத்தில் ஒருத்தன் இருக்கிறான்.

ஜூன் 15, வியாழன்

கம்பெனி சர்வீஸ் சென்டர். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். எந்தக் கோளாறும் பதிவாகவில்லையாம். ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், காற்று போகிற வழியைக் கழுவினார்கள். திரும்பி வரும்போது வளையப்பட்டி மேட்டில் பழையபடி இழுக்க மறுத்தது. போன் செய்தால், "ஓட்டற விதமாக்கூட இருக்கலாம் மேடம்" என்கிறான் ஒரு பையன்.

இனி நானே கவனிக்கிறேன். நிற்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. கெஞ்சுகிற மாதிரி மெதுவாக மிதித்தால் போகிறது. சட்டென்று கேட்டால் இல்லை என்கிறது. மேட்டில் மோசம். ஐஸ் பெட்டியெல்லாம் ஏற்றி ஏசியும் போட்டால் ரொம்ப மோசம். அதாவது, தேவை அதிகமானால் கைவிடுகிறது. அவன் குணத்தை அப்படியே வண்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறான்.

ஜூன் 18, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு எதிரில் அவர்களைப் பார்த்தேன். சௌமியாவுக்கு மாசம் ஆறோ ஏழோ இருக்கும். அவள் பையை அவன் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஜூன் 20, செவ்வாய்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணை. கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் டயரை நனைத்து உள்ளே விட்டார்கள். ஆர்டர் எழுதிக்கொண்டேன். பண்ணைக்காரம்மா மோர் கொடுத்தார்கள். "உங்களுக்குக் கொழந்தைங்க?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மோர் உப்பாக இருந்தது.

ஜூன் 24, சனி

இன்று செத்திருப்பேன்.

சேலம் பைபாஸில் நடுத்தடுப்பு இடைவெளியில் திரும்பி எதிர்ப்பக்கம் போக வேண்டும். தூரத்தில் டேங்கர் லாரி வருவது தெரிந்தது. நேரம் இருந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் போய்விடும். முதல் கியரில் மிதித்தேன். வண்டி பாதி ரோட்டுக்கு வந்து மூச்சடைத்து நின்றுவிட்டது. மிதிக்க மிதிக்க உள்ளே ஒன்றும் இல்லை. லாரியின் ஹாரன் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. டிரைவர் எப்படி ஒடித்தாரோ, என் பம்பரை ஒட்டிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்தினார். இறங்கி வந்து திட்டுவார் என்று பார்த்தேன். ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்று பாட்டிலை நீட்டினார்.

வண்டி குலுங்கியதில் பெட்டி கவிழ்ந்து மருந்தெல்லாம் உடைந்துவிட்டது. என் கால் இன்னும் மிதித்துக்கொண்டே இருப்பது போல இருக்கிறது.

அண்ணன் வந்து கூட்டிப்போனான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சொன்னான். "அவன் உன்னக் கொல்லப் பாக்கறான் அம்மிணி. இனியும் சும்மா இருந்தா நாமதான் முட்டாளுங்க. திங்கக்கெழம ஸ்டேஷனுக்குப் போலாம்."

ஜூன் 26, திங்கள்

புகார் கொடுத்தாயிற்று. வண்டியைச் சோதனைக்காக ஸ்டேஷனிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். என் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நோக்கத்துடன் என் முன்னாள் கணவர் வாகனத்தில் நாச வேலை செய்துள்ளார். நாச வேலை என்ற சொல் அண்ணனுடையது. நன்றாக இருந்தது.

ஜூன் 27, செவ்வாய்

குணசீலனை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கிரீஸ் படிந்த சட்டையோடே வந்திருந்தான். மருந்துக் கடைக்குப் போகும் வழியில் எதேச்சையாகப் பார்த்தேன். திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருந்தான். சாயங்காலம் பால் வாங்கப் போனபோதும்.

ஜூலை 5, புதன்

பண்ணைகளில் எல்லோரும் கேட்கிறார்கள். நானாக எதுவும் சொல்வதில்லை. கேட்டால் சொல்கிறேன். வண்டி ஏன் வாடகை வண்டியாக இருக்கிறது என்று கேட்பார்கள், சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுன பொண்டாட்டி வண்டியிலயே கை வெச்சவன் நம்ம வண்டிய என்ன பண்ணுவான் என்று மோகனூர்ப் பண்ணைக்காரர் தன் இரண்டு டெம்போவையும் அவன் பட்டறையிலிருந்து எடுத்துவிட்டாராம். புதுச்சத்திரத்திலும் ஒருத்தர் எடுத்துவிட்டார். இன்று அந்தப் பக்கமாக வந்தேன். பட்டறையில் ஒரே ஒரு வண்டி நின்றது. அதுவும் அவனுடையது.

அண்ணி கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். நன்றாகச் சாப்பிட்டேன். பல நாள் கழித்து.

ஜூலை 10, திங்கள்

எஸ்.ஐ. கூப்பிட்டார். வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, நாச வேலை நடந்ததற்கு அடையாளம் இல்லை என்று எழுதிவிட்டாராம். வயர் அறுக்கப்படவில்லை, ட்யூப் கழற்றப்படவில்லை.

"வண்டிய எடுத்துட்டுப் போங்கம்மா. அந்தாளு என்ன கேட்டாலும் ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. பெட்ரோலப் பாக்கச் சொல்லுங்க, பெட்ரோலப் பாக்கச் சொல்லுங்கன்னு."

"பழிய வேற பக்கம் தள்றாருங்க."

"இருக்கலாம். ஆனா எனக்கு ஏதாவது வேணும்ல? ஒரு நல்ல மெக்கானிக்கா பாத்து, என்ன பண்ணியிருக்காருன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. மேல பாக்கலாம்."

குணசீலனைத் தெரியாத ஊருக்குப் போக வேண்டும். கரூர் போகிறேன்.

ஜூலை 12, புதன்

கரூரில் இன்னாசிமுத்து என்று ஒருவர். பேச்சு குறைவு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அமராவதிப் பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியதும், "போதும், திருப்புங்க" என்றார்.

பட்டறையில் பெட்ரோல் ட்யூப்பில் ஒரு மீட்டரை மாட்டினார். நிற்கும்போது முள் நேராக நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் கீழே விழுந்தது. விட்டால் ஏறியது. மிதித்தால் மறுபடி விழுந்தது.

"பாத்தீங்களா? இன்ஜினுக்குக் கொறவே இல்ல. அது கேக்கற நேரத்துல பெட்ரோல் வந்து சேரல. சும்மா நிக்கறப்ப கொஞ்சம் போதும். மிதிச்சா நெறைய வேணும். அப்ப வழியில எங்கயோ அடைக்குது."

பின் சீட்டைத் தூக்கி டேங்க்குக்குள்ளிருந்து பம்ப்பை வெளியே எடுத்தார். அதன் அடியில் சின்ன வலைப்பை மாதிரி ஒரு சல்லடை இருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டியதாம். வெல்லப்பாகு பூசியது போலப் பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டார். தான் வழக்கமாகப் போடும் பங்க்கிலிருந்து வாங்கி வைத்திருந்த பெட்ரோலைப் பக்கத்தில் இன்னொரு சொட்டு. சிறிது நேரத்தில் அது காய்ந்து தடமே இல்லாமல் போய்விட்டது. என் சொட்டு இருந்த இடத்தில் எண்ணெய்ப் பலகாரம் வைத்த மாதிரி ஒரு வட்டம் நின்றது.

"கலப்படம். ஒருநாள் ரெண்டுநாள் ஊத்தினதுல இவ்வளவு சேராது. மாசக்கணக்குல ஊத்தியிருக்கணும். எங்க போடறீங்க?"

"அங்கங்க போடுவேன். வேலைக்குப் போற எடத்துல."

"ஒரே எடத்துல போட்ட மாதிரி இருக்கு."

"இல்ல. அங்கங்கதான்."

டேங்க்கைக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, மாட்டிக் கொடுத்தார். எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 13, வியாழன்

குணசீலன் டேங்க்கில் எதையாவது ஊற்றியிருக்கலாம். ஜனவரியில் ஊற்றியது இத்தனை நாள் கழித்து வேலை செய்யாதா என்ன?

ஜூலை 15, சனி

வண்டி பறக்கிறது. பெட்ரோல் கரூரிலேயே போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் வேலை இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

"என்ன அம்மிணி, பங்க் பக்கமே காணம்?" என்று அண்ணன் கேட்டான். டேங்க் நிறைய இருக்கிறது என்றேன். வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றும் கரூர்.

ஜூலை 20, வியாழன்

மருந்து குடோன் வாசலில் சௌமியா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் வீங்கி. என்னைப் பார்த்ததும் நேராக நிமிர்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட பேசோணும்."

"பேசு."

"என்ன நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன். நான் பண்ணதுக்கு மன்னிப்பே இல்லன்னு தெரியும். ஆனா வண்டில அவரு கை வெக்கலீங்க்கா. அந்த ஒரு வாரமும் நான்தான் பில்லு போட்டேன். எல்லாம் புதுசா வாங்கி மாட்டினாரு. அவளுக்கு ஊர் சுத்தற வேல, வண்டி நின்னறக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி மாட்டினாரு. எனக்கே கோவம் வந்துச்சு."

"அப்படியா."

"பட்டறைக்கு யாருமே வர்றதில்லீங்க்கா. எடத்துக்காரரு காலி பண்ணச் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"கை வெக்கலையா? உன் மேல கூடத்தான் கை வெக்கலன்னு பன்னெண்டு மாசம் எங்கிட்ட சொல்லிட்டிருந்தாரு."

அவள் அழவில்லை. அழுவாள் என்று காத்திருந்தேன். படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் கொளுத்தியது. குடோனுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டியில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஆட்டோ வரும்வரை எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 21, வெள்ளி

தலைவலி. லீவு போட்டேன்.

ஜூலை 27, வியாழன்

கால்நடை லேபில் ரிசல்ட் வாங்கப் போனேன். அங்கே வடிகட்டுகிற தாள் கட்டாக வைத்திருக்கிறார்கள். இரண்டு கேட்டேன். எதற்கு என்றார்கள். வீட்டில் எண்ணெய் வடிகட்ட என்றேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. ஊரே மோகனூர் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பங்க்கில் கூட்டம். டூவீலர்களில் ஈரத் துணியோடு குடும்பம் குடும்பமாக நின்றார்கள். வண்டியை ஓரமாக விட்டு, இரண்டு காலித் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினேன். இடதுபக்கத்துப் பம்ப்பில் ஒன்று, வலதுபக்கத்தில் ஒன்று. முதலாளி தங்கச்சி கேட்டால் யார் மறுப்பார்கள். கார் பானெட் மேலேயே தாளைப் பரப்பி பாட்டிலுக்கு ஒரு சொட்டு விட்டேன்.

இடது காய்ந்துவிட்டது. வலதில் வட்டம் நின்றது.

தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். அண்ணன் போனில் இருந்தான். மேஜையில் வைத்தேன்.

"என்ன அம்மிணி இது?"

"உன்ற பெட்ரோலுண்ணா."

போனை வைத்தான். தாளைப் பார்த்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். இல்லை என்று சொல்வான் என்று ரொம்ப எதிர்பார்த்தேன்.

"எல்லாரும் பண்றதுதான். கொஞ்சமாத்தான் சேக்கறோம். வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

"பைபாஸ்ல லாரிக்கு முன்னால நின்னேண்ணா நானு."

தாளை நாலாக மடித்தான்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் அவன் மேல எழுதச் சொன்ன?"

"பின்ன? அவன் பட்டறைக்கு வர்றவன்கிட்டயெல்லாம் எம்பட பங்க்ல போடாதீங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான். நாலு பேரு நம்ப ஆரம்பிச்சாங்க. நீயும் அவன ஏதாச்சும் பண்ணோணும் பண்ணோணும்னுதான இருந்த? ரெண்டு பேத்துக்கும் ஆச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கும் அதையே ஊத்தினயேண்ணா. கூடப் பொறந்தவளுக்கு."

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"உனக்கு சும்மாதான அம்மிணி குடுத்தேன்?"

ஆகஸ்ட் 4, வெள்ளி

அவன் சொன்னதில் ஒன்று பொய் இல்லை. ஏதாவது பண்ண வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். அவன் என்னைத் தூண்டிவிட்டான் என்று எழுதலாம். ஆனால் தூண்டிவிடத் தோதாக நான் இருந்ததால்தானே அவனால் முடிந்தது. ஜனவரியிலிருந்து குணசீலனை எப்படியெல்லாம் பழிவாங்கலாம் என்று யோசித்துத் தூங்கியிருக்கிறேன். அத்தனை நாளும் கீழ்வீட்டில் அண்ணன் என் கோபத்தை எடுத்துத் தன் வேலைக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த டேங்கர் என்மேல் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பான்? குணசீலனை உள்ளே தள்ளியிருப்பான். என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பான். இரண்டையும் மனசாரச் செய்திருப்பான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மாவட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பாட்டிலையும் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அதிகாரி அம்மா எழுதிக்கொண்டே வந்தார். பங்க் உரிமையாளர் உங்களுக்கு ஏதாவது உறவா என்று கேட்டார்.

"அண்ணன்ங்க."

பேனா நின்றது. "கூடப் பிறந்த அண்ணனா?"

"ஆமாங்க. எழுதுங்க."

குணசீலன் மேல் புகார் கொடுத்த அன்று அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்று நானே சொன்னேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

அதிகாரிகள் வந்தார்கள். வலதுபக்கத்து டேங்க்கிலிருந்து மாதிரி எடுத்தார்கள். சாயங்காலம் பங்க்கைப் பூட்டி சீல் வைத்தார்கள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஒளிந்துகொள்ளவில்லை. அவன் பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பார்த்தான்.

வீட்டுக்குப் போனபோது என் சாமான் எல்லாம் கேட்டுக்கு வெளியே இருந்தது. அண்ணி நின்றுகொண்டிருந்தாள். துணிகளை மடித்து, பாத்திரங்களைத் துடைத்து, பெட்டிகளுக்குக் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"ஒண்ணு விடாம இருக்குது. பாத்துக்க."

"அண்ணி..."

"எனக்கு மூணு வருசமாத் தெரியும் மேகலா. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், வேண்டாம்னு. கேக்கல. நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே இந்த வாசப்படி ஏறாத. எனக்கு அவுரோடதான் இருந்தாகோணும்."

கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெண்ணின் வீட்டில் இருக்கிறேன். எஸ்.ஐ. போன் செய்தார். பங்க் விஷயம் அவருக்கும் போயிருக்கிறது. வந்து பழைய புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். குணசீலனையும் வரச்சொல்கிறாராம். இந்த வாரம் வேலை ஜாஸ்தி, முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வேலை ஒன்றும் இல்லை. அறை பார்த்தேன். துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

பெரியப்பா மகன் போன் செய்து, கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன். எஸ்.ஐ. போன் செய்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

போனேன்.

குணசீலன் முன்னாலேயே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். சட்டை சுத்தமாக இருந்தது. கிரீஸ் இல்லை. பட்டறையைக் காலி பண்ணிவிட்டதாக எஸ்.ஐ. சொன்னார். திருச்சி ரோட்டில் யாரோ ஒருத்தர் பட்டறையில் கூலிக்குப் போகிறானாம். அவன் பட்டறை ஷட்டர் ஒருநாள் நிரந்தரமாகக் கீழே இறங்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கேட்டதும் வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பொய். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினாலும் பொய்தான். செய்யாத காரியத்துக்கு அவன் எல்லாவற்றையும் இழந்திருக்கிறான். செய்த காரியத்துக்கு அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைத் தவிர.

கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான். வெளியே வந்தபோது என் கார் மரத்தடியில் நின்றது. அவன் அதைப் பார்த்தான். சுற்றி வந்து பார்க்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே பார்த்தான்.

"இப்ப இழுக்குதா?"

கோர்ட்டுப் படி இறங்கிய நாளிலிருந்து அவனிடம் பேச நேர்ந்தால் நீ, வா, போ என்றுதான் பேசுவது என்று வைத்திருந்தேன்.

"இழுக்குது."

"பம்ப் மாத்தியாச்சா, சுத்தம் மட்டுமா?"

"சுத்தம்தான்."

"மாத்திரு. அடைப்போட அத்தன மாசம் ஓடியிருக்கு. சூடாகிச் சூடாகி உள்ள தேஞ்சிருக்கும். நல்லா ஓடற மாதிரியே ஓடும். திடீர்னு ஒருநாள் ரோட்டு நடுவுல நின்னுரும்."

அவன் குரலில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. யார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். போன வாரமே வந்து கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று அவனாவது சொல்லியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"சரிங்க" என்று வந்தது. அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவனும் ஒருகணம் என்னைப் பார்த்தான். பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கரூர் போய்ப் பம்ப்பை மாற்றிவிட்டேன். பழையதைப் பிரித்துப் பார்த்த இன்னாசிமுத்து, "இது இன்னும் ஒரு மாசம் தாங்கியிருக்காது, யாரு மாத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

தெரிந்தவர் ஒருவர் என்றேன்.